தாய்மாமன் திவாலான கதை

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் நடத்தும் ஆசிரியன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் தெரியவந்தால் உங்களுக்கு இன்னும் கோபம் வரும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, சம்பளம் வரும் வங்கியில் என் தலையில் ஒரு கிரெடிட் கார்டைக் கட்டினார்கள். மளிகை, பெட்ரோல், மகளின் பள்ளிக் கட்டணம் என்று எல்லாவற்றையும் அதில் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்ப்பது சுலபம். தேய்த்ததுதான் நினைவில் நிற்பதில்லை. அதனால் வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றை மடிக்கணினியில் இறக்கினேன். செலவுகளை வட்டமாக வரைந்து, வகைக்கு ஒரு நிறம் கொடுத்துக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பில்களைப் பரப்பிக்கொண்டு அதன்முன் உட்கார்ந்தால், எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

நான் செய்த வேலை இதுதான். கார்டில் மளிகை வாங்கினால் அன்றைய தேதியில் ‘மளிகை’ என்று செலவு எழுதுவேன். பெட்ரோல் போட்டால் ‘பெட்ரோல்’. மாதம் ஐந்தாம் தேதி கார்டு பில்லைக் கட்டுவேன். பெரிய தொகை, வங்கியிலிருந்து போகிறது, எழுதாமல் விடலாமா? எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாததால் ‘இதரம்’ என்று போட்டுவைத்தேன். (இங்கேயே சிரித்துவிட்டவர்கள் என்னிடம் படித்தவர்களாக இருக்க முடியாது.)

நான்கே மாதத்தில் வட்டத்தில் பாதியை இதரம் விழுங்கிவிட்டது. மென்பொருளின்படி என் கையிருப்பு மைனஸ் ஒன்றேகால் லட்சம். மனைவி ரேவதியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஏனுங்க, பாஸ்புக்குல பணம் இருக்குதுங்களே?” என்றாள்.

இருந்தது உண்மைதான். வங்கிக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை, தெரிந்ததும் எடுத்துக்கொள்வார்கள் என்று விளக்கினேன். பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறானே என்று நம்பினாளோ, இவனிடம் பேசிப் பயனில்லை என்று விட்டாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம்.

வீட்டில் சிக்கனம் அமலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறி போய் முட்டைக் குழம்பு வந்தது. (நாமக்கல்லில் முட்டைக்கு என்ன பஞ்சம்.) வெளியே டிபன் சாப்பிடுவது நின்றது. இஸ்திரிக்குப் போய்க்கொண்டிருந்த என் சட்டைகள் தலையணைக்கு அடியில் போயின. இத்தனை செய்தும் இதரம் மட்டும் அடங்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து மோகனூரிலிருந்து தங்கை கவிதா கூப்பிட்டாள். மூன்று வயது மகள் யாழினிக்கு வைகாசியில் குலதெய்வம் கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தோடும் துணிமணியும் தாய்மாமன் சீர். கவிதாவுக்கு நான் ஒரே அண்ணன். குழந்தை பிறந்த அன்றே, முதல் தோடு நான் போடுவது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ்கள் வரைக்கும் கேட்கும்படி அறிவித்தவனும் நான்தான்.

தோடு இப்போதைக்குக் கவரிங்காக இருக்கட்டும், தங்கத்தைத் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

“சரிங்கண்ணா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. எங்கள் பக்கம் தாய்மாமன் கவரிங் தோடு போடுகிறான் என்றால் அவனுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லையென்றால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீணாகிறதே என்று உடனே மூடியும்விட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கவிதா, அவள் கணவர், எங்கள் பெரியப்பா மூவரும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மூட்டை அரிசி, ஒரு தார் வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, ஐந்து அட்டை முட்டை எல்லாம் இறங்கின. துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல மெதுவாகப் பேசினார்கள். மாப்பிள்ளை ஒரு கனமான கவரை மேசைமேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார்.

பெரியப்பா என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். “சாமி, நெசத்தச் சொல்லு. செல்லுல சீட்டாடி உட்டுட்டயா?”

என் மானத்தைக் காப்பாற்ற மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு இருக்கிறது என்று வட்டத்தைத் திருப்பிக் காட்டினேன். பெரியப்பா நிறங்களைப் பார்த்தார். கவிதா எழுத்துகளைப் பார்த்தாள். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் மொய் நோட்டு எழுதுவது அவள்தான். எத்தனை கூட்டம் நெருக்கினாலும் ஒரு பெயர் விட்டுப்போகாது.

“இந்த இதரம்ங்கறது என்னுங்கண்ணா?”

கார்டு பில் கட்டியது என்றேன். அந்தக் கார்டில் என்ன வாங்கினேன் என்று கேட்டாள். மேலே எழுதியிருக்கிறதே என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன். மளிகை, பெட்ரோல், பள்ளிக் கட்டணம். நான்காவது வரியில் என் விரல் நின்றுவிட்டது.

கவிதா குரலை உயர்த்தவில்லை. “போன மாசம் திருச்செங்கோட்டுக் கல்யாணத்துக்கு நீங்க வரல. உங்க பேருல ஆயிரம் ரூவா மொய் வெக்கச் சொன்னீங்க, வெச்சேன். அப்பறம் அந்த ஆயிரத்த எனக்குக் குடுத்துட்டீங்க. நீங்க வெச்ச மொய் ஆயிரமுங்களா, ரெண்டாயிரமுங்களா?”

“ஆயிரம்.”

“அந்தக் கார்டு உங்க பேருல மொய் வெச்சிருக்குதுங்கண்ணா. அவ்வளவுதான்.”

செலவு நடந்தது தேய்த்த அன்றைக்கு. ஐந்தாம் தேதி நான் அடைத்தது கடனை. கரும்பலகையில் வேறு யாருடைய கணக்காவது என்றால் தூக்கத்தில்கூடச் சரியாக எழுதியிருப்பேன். இதரங்கள் அத்தனையையும் அழித்தேன். மைனஸ் மறைந்தது. அந்த மாதம் கட்ட வேண்டிய பில் போக, மிச்சம் பாஸ்புக்கோடு அப்படியே ஒத்துப்போனது.

“இப்பத்தான் பேங்குக்கு விஷயம் தெரிஞ்சுதுங்களா?” என்று ரேவதி கேட்டாள்.

மாப்பிள்ளை சத்தமில்லாமல் கவரை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெரியப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். அப்படியானால் சீட்டே ஆடவில்லையா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். திவாலாகிவிட்டேன் என்றதும் அரிசி மூட்டையோடு வந்து நிற்க மூன்று பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பில், அவமானத்தை மீறி எனக்கு மனசு நிறைந்திருந்தது. அன்று மதியம் கறி எடுத்தோம். முட்டையைத் தின்று தீர்க்க மூன்று வாரமானது.

வைகாசியில் யாழினி என் மடியில் உட்கார்ந்து, முதல் காதுக்கு வீரிட்டாள், இரண்டாவது காதுக்கு என் பட்டு வேட்டியை நனைத்தாள். காதில் தங்கத் தோடு மின்னியது. ஈர வேட்டியோடு நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும் புகைப்படம் கவிதா வீட்டு முன்னறையில் இன்னும் மாட்டியிருக்கிறது.

அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் மொய் வைக்கப் போனாலும், “வாத்தியாரே, ஒருக்கா எழுதறதுங்களா, ரெண்டுக்காவா?” என்ற கேள்வியைத் தாண்டித்தான் பந்திக்குப் போக முடிகிறது. போன மாதம் யாழினியின் பிறந்தநாளுக்குப் புதுத் தோடு வாங்க அவளை நகைக்கடைக்குக் கூட்டிப்போனேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். நான் கார்டை எடுத்து நீட்டியதும், மேசையைப் பிடித்து எம்பிக் கடைக்காரரிடம் சொன்னாள்:

“பாத்துப் போடுங்க. எனக்கு ரெண்டு காதுதான், மாமா நாலுன்னு எழுதிக்குவாங்க.”