உள்ளே நம்ம ஆள் இருக்கான்

பம்பாயில் மழைக்குக் கொஞ்சம் முன்னால், பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம், ஒரு மனிதர் உங்கள் வீட்டுக்கு வருவார். மழையாவது சில வருஷங்களில் பிந்தும். இவர் பிந்தவே மாட்டார். கையில் ஒரு துணிக்கடைப் பை இருக்கும், வாயில் பாக்கு இருக்கும். இவர்தான் 'உள்ளே ஆள் வைத்திருப்பவர்'.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஏதாவது ஓர் ஆபீஸ் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ரேஷன் ஆபீஸா? சிரிப்பார். பாஸ்போர்ட்டா? சிரிப்பார். யுனிவர்சிட்டி என்று சொல்லிவிட்டீர்களோ, சிரிப்பு காது வரை போகும், கால்மேல் கால் ஏறும், பாக்கு ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாறும், அதற்குப் பிறகு குரல் தாழ்ந்து அந்த வாசகம் வரும்.

"ஃபாரமா? அதெல்லாம் ஆள் இல்லாதவன் நிரப்புதது வே. உள்ள நம்ம ஆள் இருக்காம்லா."

அந்த ஆள் யார்? என்ன பதவி? எந்த மாடி? கேட்டுவிடாதீர்கள். "பேர் வெளிய வரக் கூடாது. அவன் வேலைக்கு ஆபத்து" என்பார். எவ்வளவு பொறுப்பு பாருங்கள்!

நான் தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கோர்ட் கேஸ், யாருடைய ஆதார் கார்டில் யார் முகம் என்பதெல்லாம் என் மெஷின் வழியாகத்தான் போகிறது. ஆகவே இந்த இனத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. எங்கள் சந்துக்கு வாய்த்தவர் பூதத்தான் அண்ணாச்சி. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்று கம்பெனிதான் சொன்னது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் போன் பேசுவதை நீங்கள் பார்க்க வேண்டும். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். "ஹான் சாப்... ஜீ சாப்... அப்னா ஹீ பச்சி ஹை சாப்..." என்று, நம் வீட்டுப் பிள்ளைதான் என்று, இந்தியில் குழைவார். நம் பிள்ளைக்காக ஒருவர் இப்படிக் குழைவதைக் கேட்டால் யாருக்குத்தான் நெஞ்சு இளகாது? ஒருநாள் அப்படிக் குழைந்துகொண்டிருக்கும்போதே அந்த போன் மணி அடித்தது. அண்ணாச்சி அசரவில்லை. "லைன் கட்டாயிட்டு, அவனே கூப்பிடுதான்" என்று எடுத்தார். வரும்போது தக்காளி வாங்கி வரச் சொன்னது அவர் சம்சாரத்தின் குரல்.

அண்ணாச்சி ஐந்து பைசா வாங்க மாட்டார். அதுதான் சிக்கலே. வாங்கினால் ஏமாற்றுக்காரன் என்று திட்டிவிட்டுப் போகலாம். இவர் நம் வீட்டு டீயைக் குடித்துவிட்டு, நம் பிள்ளையின் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு, மனதார நல்லது செய்வதாகவே நம்பிப் போவார். நாமும் ஏன் கொடுக்கிறோம்? கவுன்டர் என்றால் நமக்குப் பயம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மராத்தியில் ஒரு அதட்டல் போட்டால், பட்டறையில் பத்துப் பேரை அதட்டுகிறவனுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பயத்துக்கு அண்ணாச்சி ஒரு மாத்திரை. நானே என் மகன் பிரைட்டனின் மார்க்‌ஷீட்டை ஒரு வருஷம் கொடுத்தவன்தான்.

இப்போது மாரீஸ்வரி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சந்தில் பெல்ட் பட்டறையில் வேலை பார்க்கும் வெங்கடேஷின் மகள் அவள். கணக்கில் புலி. மாநிலத்தின் பெரிய யுனிவர்சிட்டியில், அந்த வளாகத்திலேயே நடக்கும் புள்ளியியல் படிப்புக்கு முதல் லிஸ்ட்டிலேயே பெயர் வந்துவிட்டது. என் கடைக் கம்ப்யூட்டரில்தான் பார்த்தோம். பார்த்துவிட்டு அவள் ஸ்கிரீனில் தன் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சீட்டை உறுதி செய்ய வேண்டும். ஃபீஸ் கட்ட வழியில்லாதவர்களுக்குச் சலுகை உண்டு, அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். சலுகை கிடைக்காவிட்டால் சீட் இல்லை. சீட் இல்லாவிட்டால் அவளும் பட்டறையில் உட்கார்ந்து பெல்ட்டுக்கு பக்கிள் மாட்ட வேண்டியதுதான். கூட வந்திருந்த வெங்கடேஷ்தான் அதைச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி என் கடைக்குள் வந்தார்.

"வருமானச் சர்ட்டிபிகேட்டு இங்க தாசில்தார் ஆபீஸ்ல வாங்கணுமாம் அண்ணாச்சி" என்றார் வெங்கடேஷ்.

"இங்க நமக்கு யாருடே இருக்கா? நாயா அலைய விடுவான். பேசாம ஊருக்குப் போ. தாலுகா ஆபீஸ்ல என் மச்சினன் இருக்கான். நாலே நாளு. சர்க்கார் முத்திர எங்க குத்துனா என்ன, முத்திர முத்திரதான?"

"ஃபாரம்ல இங்கத்தன்னு போட்டிருக்கே மாமா" என்றாள் மாரீஸ்வரி.

"நீ டென்ஷன் ஆவாத பிள்ள. உள்ள நம்ம ஆள்ட்ட சொல்லியாச்சு. ஒரிஜினல எல்லாம் எடு."

கவனியுங்கள், இது நம் ஆட்களுக்கு மட்டுமே தோன்றும் யோசனை. பிள்ளை பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில், படித்தது தாராவியில், வெங்கடேஷ் சம்பாதிப்பது, சாப்பிடுவது, ரயிலில் மிதிபடுவது எல்லாம் இங்கே. முத்திரை என்று வந்தால் மட்டும் நமக்குத் திருநெல்வேலி ஞாபகம் வந்துவிடும். அது தப்பு என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? அண்ணாச்சி அவ்வளவு அடித்துச் சொல்கிறாரே, விஷயம் இருக்கும் என்று நினைத்து மார்க்‌ஷீட்டை ஆறு காப்பி எடுத்துக் கொடுத்தேன். ஒரிஜினல் பைக்குள் போனது.

வெங்கடேஷ் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, ரிசர்வேஷன் இல்லாமல் ஊருக்குப் போய், புதன்கிழமை திரும்பி வந்தார். சர்ட்டிபிகேட் என்றால் அப்படி ஒரு சர்ட்டிபிகேட். சந்தே கைமாற்றிப் பார்த்தது.

வியாழக்கிழமை அண்ணாச்சி, "போவாத, நம்ம ஆளு கூப்பிடுவான்" என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், மாரீஸ்வரி தனியாக யுனிவர்சிட்டிக்குப் போனாள். அங்கே 'உதவி மையம்' என்று ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் வந்தனா மேடம். நடந்ததைத் திரும்பி வந்து என் கடையில் அவள் அப்படியே நடித்துக் காட்டினாள்.

"உன் அப்பா இந்தக் கிராமத்தில் குடியிருக்கிறார் என்று போட்டிருக்கிறதே? அப்படியானால் இந்த மாநிலம் ஏன் உன் ஃபீஸைத் தள்ளுபடி செய்ய வேண்டும்?" என்று அந்தம்மா இந்தியில் கேட்டாராம்.

ஒரே காகிதத்தில் வெங்கடேஷ் தன் இருபத்தைந்து வருஷ பம்பாய் வாழ்க்கையை அழித்துக்கொண்டு வந்திருந்தார். லீவு போட்டு, நின்றுகொண்டே பிரயாணம் செய்து!

மாரீஸ்வரி அழுதுவிட்டாள். வந்தனா மேடம் அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்து, ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினார். பம்பாய்ச் சான்றிதழை ஒரு மாதத்துக்குள் தருவேன் என்று எழுதிக்கொடுத்தால் சீட்டைப் பிடித்துவைக்கலாம், ஃபீஸும் அதுவரை நிற்கும். "இதையெல்லாம் சொல்லத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கேட்க ஒருத்தரும் வருவதில்லை. சரி, ஒரிஜினல் மார்க்‌ஷீட் எங்கே? நாளைக்கு ஐந்து மணிக்கு எல்லாம் பூட்டிக்கொள்ளும், உன் சீட் அடுத்த லிஸ்ட்டுக்குப் போய்விடும்."

மார்க்‌ஷீட் அண்ணாச்சி பையில். பை அண்ணாச்சியிடம். அண்ணாச்சி வீட்டில் பூட்டு. மறுநாள் காலையில்தான் தெரிந்தது, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் நேருளில் யாரோ சொந்தக்காரர் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய்விட்டார். போனும் எடுக்கவில்லை. நான் கடையைப் பூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளையோடு ரயில் ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அண்ணாச்சி இலையில் இரண்டாவது முறை பாயசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். பை நாற்காலிக்கு அடியில்.

"என்னத்துக்கு இவ்ளோ தூரம் வந்திய? இப்பந்தான் நம்ம ஆள்ட்ட பேசுனேன்."

"அவர் நம்பரக் குடுங்க மாமா. நானே பேசுதேன்."

"அதெல்லாம் பேரு வெளிய..."

"பேரு வேண்டாம். என் முன்னால போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சிக்கு வேறு வழியில்லை. போட்டார்.

"அண்ணாச்சி, டேனி பேசுதேன், விக்ரோலில இருந்து. சொல்லுங்க."

"ஏ டேனி, யுனிவர்சிட்டில நம்ம பிள்ள சீட்டு என்னாச்சுடே?"

"என்ன சீட்டு அண்ணாச்சி? நான் ஏசி ரிப்பேருக்குலா அங்க போய்க்கிட்டிருந்தேன்? அந்த கான்ட்ராக்ட்டும் போன வருஷமே வேற கம்பெனிக்குப் போயிட்டு. இப்பம் கேட்டுக்குள்ளயே விடமாட்டான்."

அண்ணாச்சி கை இலையிலேயே நின்றுவிட்டது. அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "சீட்டு போயிருமா பிள்ள?" என்று கேட்டார். பாயசத்தை விட்டுவிட்டு எழுந்தார், கையைக்கூடக் கழுவாமல் பையை எடுத்து அவளிடம் கொடுத்தார், நாலு மாடி இறங்கி ஓடி எங்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் சொல்கிறேனே.

நாலு நாற்பதுக்கு வந்தனா மேடம் முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை காலை என் கடை வாசலில் அண்ணாச்சி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வெங்கடேஷ் மவளுக்குக் கடைசி நேரத்துல நாந்தான் முடிச்சுக் குடுத்தேன்."

போகட்டும். இப்போது மாரீஸ்வரி இரண்டாம் வருஷம். தாசில்தார் ஆபீஸ் லைனில் நின்று பம்பாய்ச் சான்றிதழை வாங்கிக் கொடுத்ததில் ஃபீஸ் சலுகையும் கிடைத்துவிட்டது. படித்துக்கொண்டே வேலை பார்க்கும் ஒரு திட்டத்தில், தினமும் மூன்று மணி நேரம் அதே உதவி மைய ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்கிறாள், கைச்செலவுக்கு ஆகிறது. ஆக, அண்ணாச்சிக்கு வாழ்நாளில் முதல்முறையாக உள்ளே உண்மையிலேயே ஓர் ஆள் கிடைத்துவிட்டது. விடுவாரா? இந்த வருஷம் ரிசல்ட் வந்ததும் நம் ஆட்கள் நிறைய இருக்கும் சீத்தா கேம்ப் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆட்கள் நேரே ஜன்னலுக்குப் போய், "அண்ணாச்சி அனுப்புனாவ" என்று கண்ணைச் சிமிட்டுகிறார்களாம். அவள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள். "லைன்ல வாங்க அங்கிள். ஃபாரம் நிரப்புங்க. ஒரிஜினல உங்க கையிலயே வச்சுக்கோங்க."

"உள்ள போனதும் பிள்ளைக்கு ஏத்தம் கூடிட்டு" என்று அவர்கள் என் கடையில் வந்து புலம்புகிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறது, இல்லையா? கொஞ்ச நேரமாகவே என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று உங்களுக்கு வாய் துடிக்கிறது. மரியாதைக்காக அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மாரீஸ்வரியின் நம்பர்தானே?

இருக்கிறது. எங்கள் பிரைட்டனின் தங்கைக்கு உதவுமே என்று வாங்கி வைத்திருக்கிறேன். உங்களுக்கு என்பதால் தருகிறேன். நான்தான் கொடுத்தேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பேர் வெளியே வரக் கூடாது.