சந்தன ஜோடியும் குங்கும ஜோடியும்

"அடிப் பாவி! இதுல எது சந்தனம், எது குங்குமம்?"

ஆயுத பூசையும் அதுவுமாகச் சின்னக்கானல் எஸ்டேட் லயத்தில் மிஷின் பிட்டர் சங்கையா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வீறிட்டது. ஒரே நீளக் கட்டடத்தை எட்டாகத் தடுத்து எட்டுக் குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் வீட்டில் தும்மினால் எட்டாவது வீட்டில் 'நூறு' என்பார்கள்.

சூடத் தட்டோடு திரும்பினாள் அவன் மனைவி ராமுத்தாய். "என்னத்துக்குக் கத்துறீக? ரெண்டுக்குச் சந்தனம், ரெண்டுக்குக் குங்குமம்னு ஓரவஞ்சனையா வச்சிருந்தீக. நான் நாலையும் கழுவி, நாலுக்கும் ரெண்டையும் வச்சுட்டேன். சாமிக்கு முன்னால பாகுபாடு பாக்கலாமா?"

பலகையில் நான்கு கார்புரேட்டர்கள் மங்களகரமாக உட்கார்ந்திருந்தன. தலைக்கு ஒரு செவ்வந்திப் பூ வேறு. சங்கையாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இப்போதைய மலையாளத் துரை ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் இரண்டு பேர் உட்காரலாம். மழை வந்தால் இரண்டு பேருமே நனையலாம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்ட அதற்கு ஒன்றுக்கு இரண்டாகக் கார்புரேட்டர். பூசைக்கு இரண்டு நாள் முன்னால் துரை சங்கையாவைக் கூப்பிட்டு நாலு கார்புரேட்டரைக் கையில் கொடுத்தார்.

"இந்த ஜோடி கம்பெனியோட பழைய மாடல். இது திருத்தின புது மாடல். வெளியே பார்த்தால் ஒண்ணுபோல இருக்கும். உள்ளே இருக்கிற ஊசியில்தான் வித்தியாசம். மாற்றி மாற்றிப் பூட்டி, மலை ஏற்றிப் பார்த்து, எது மெச்சம், எது மோசம்னு சொல்லணும். ஹெட் பிட்டர் வேலைக்கு ஒரு ஆளு வேணும், கேட்டோ."

ஹெட் பிட்டர் என்றால் தனி வீடு. தனி வீடு என்றால் தனிக் கக்கூஸ். எட்டு வீட்டுக்கும் பொதுவான ஒன்றின் வாசலில் பதினோரு வருஷமாக வரிசையில் நின்ற ராமுத்தாய், "இந்தத் தடவையும் கோட்டை விட்டீகன்னா நான் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போடியில எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

சங்கையாவுக்குத் தேயிலை உருட்டும் மிஷின் அத்துப்படி. கார்புரேட்டரை அதுவரை தொட்டதுகூட இல்லை. ஆனாலும், "இதெல்லாம் நமக்குச் சுண்டைக்காய் தொரை" என்று வாங்கி வந்துவிட்டான். அடையாளத்துக்குப் பெயிண்ட் தேடச் சோம்பல். பழையதுக்குச் சந்தனம், புதுசுக்குக் குங்குமம் என்று தொட்டு வைத்தான். பெரிய மூளை!

"கழுவுனியா? எதை வச்சுக் கழுவுன?"

"குத்துவிளக்கை எதை வச்சுத் தேய்ப்பேன்? புளியும் சாம்பலும்தான். பளபளன்னு இருக்குல்ல?"

ஒன்றைக் கவிழ்த்துத் தட்டினான். ஒரு பிடி சாம்பல் கொட்டியது.

பதறிப்போய் நான்கையும் கழற்றி, ஒரே சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி அலசினான். சாம்பல் பாதி போயிற்று. வெளியே மட்டும் கலந்திருந்தவை, இப்போது உள்ளேயும் கலந்துவிட்டன. நான்கு ஊசிகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அப்புறம் மற்றதை மூடிப் பார்த்தான்.

"எல்லாம் ஒண்ணாத்தான இருக்கு?" என்றாள் ராமுத்தாய்.

"நீ கொழுந்து கிள்ளுறவ. உனக்கு என்னடி தெரியும்? இது நுணுக்கமான வேலை!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் புருஷன் வேலையாயிற்றே என்று, அவன் பீடி பற்றவைக்கப் போன நேரத்தில், துருப் பிடிக்காமல் இருக்க எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தாள். மிச்சமிருந்த சாம்பல் எண்ணெயில் குழைந்து களிம்பாகிவிட்டது.

மறுநாள் காலை, கைக்கு வந்த இரண்டைப் பூட்டி, "இது பழைய மாடல் தொரை" என்றான், கொஞ்சமும் கூசாமல்.

துரை ஓட்ட, இவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கார் இருமிற்று, விக்கிற்று, கமறிற்று. மூன்றாவது வளைவில் நின்றேவிட்டது. கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மேடு வரைக்கும் தள்ளினார்கள்.

மத்தியானம் மற்ற இரண்டையும் பூட்டி, "இது புது மாடல் தொரை" என்றான். அதே இருமல். அதே மூன்றாவது வளைவு. அதே பெண்கள்.

"என்ன பிட்டரே, காலையிலயும் இதே எடத்துலதான நின்னுச்சு?" என்று கேட்டாள் குருவம்மாள், தள்ளிக்கொண்டே. "புதுசா ஒண்ணும் செய்யலியா?"

சங்கையா அவளை எரித்துவிடுகிறவன்போலப் பார்த்தான்.

மேட்டில் துரை இறங்கினார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "சொல்லு சங்கையா. வித்தியாசம் உண்டா?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே ராமுத்தாய் மூட்டை முடிச்சோடு போடி பஸ் ஏறுவதும் கண்ணில் வந்தது. உண்மையை விழுங்கினான்.

"என்ன தொரை இப்பிடிக் கேட்டுட்டீக! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! காலையில வண்டி இருமுனது வறட்டு இருமல். உள்ள சத்தே இல்ல. இப்ப இருமுனது சளி இருமல். நெஞ்சுல பலம் இருந்தாத்தான் அப்பிடி இருமும். வண்டி நின்னதுலகூடப் பாருங்க, காலையில சோர்ந்து போய் நின்னுச்சு, இப்ப கம்பீரமா நின்னுச்சு. புது மாடலுக்கு ஈடே இல்ல தொரை!"

"மதி, மதி, இது போதும்" என்று முதுகில் தட்டினார் துரை. "நீதான் ஹெட் பிட்டர். ஆபீசில் போய் ஆர்டர் வாங்கிக்கோ."

சங்கையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. போகிற வழியிலேயே ராமுத்தாயிடம் சொல்லிவிட்டான். அவள் வாளியையும் துடைப்பத்தையும் தூக்கிக்கொண்டு புது வீட்டைக் கழுவ ஓடினாள்.

ஆபீசில் கிளார்க் யாக்கோபு ஆர்டரைக் கொடுத்தான். கூடவே இன்னொரு தாளையும் நீட்டினான். "இதுல ஒரு கையெழுத்துண்ணே."

"என்னப்பா இது?"

"பாக்டரி பாய்லர் நல்லா இருக்குன்னு ஹெட் பிட்டர் எழுதிக் குடுக்கிற சர்ட்டிபிகேட். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு."

சங்கையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாய்லரா? அதுல முழ நீளத்துக்கு விரிசல் ஓடுதே! நல்லா இருக்குன்னு எந்தக் கண்ணால பாத்துய்யா எழுதுறது?"

யாக்கோபு பேனா மூடியைத் திறந்து அவன் கையில் கொடுத்தான்.

"கார்புரேட்டர்ல வித்தியாசம் பாத்தீகளே, அதே கண்ணாலதாண்ணே. நாலும் ஒரே மாடல். வித்தியாசம் இல்லேன்னு உள்ளதைச் சொன்ன பாவத்துக்குத்தான் மத்த பிட்டருங்க பிச்சைமணியையும் சுருளிவேலையும் தொரை போன வாரமே வேண்டாம்னுட்டாரு."