மட்காட் உரசிய படலம்

வாழ்க ஹுஸைன்! மடவளையில் புடவைக்கடை நடத்தும் கோமகன், விலை பேசினால் விட்டுக்கொடாத வன்னெஞ்சன், இரண்டே கதவும் ஏழூர் கேட்கும் உறுமலும் கொண்ட செந்நிற ஸ்போர்ட்ஸ் காரின் தனிப்பெருந் தலைவன், வாழ்க! மகாவலி பாயும் வளநாட்டீர், செவி சாய்ப்பீராக. கோட்டை பிடித்தவர் கதைகளை நிறையக் கேட்டுவிட்டீர்கள். காரின் சக்கரத்தை, அதன் மேல் குடையாய்க் கவிந்த மட்காட்டின் விளிம்போடு விளிம்பாக நிறுத்தத் துணிந்தவனின் கதையை இப்போது கேளுங்கள்.

அந்தச் செம்புரவி ஜப்பானில் பிறந்தபோது நான்கு சக்கரங்களோடுதான் பிறந்தது. ஆனால் அவை, பெண் வீட்டுக்கு முதன்முதலாக வந்த மாப்பிள்ளை போல, மட்காட்டுக்குள் ஒடுங்கி நின்றன. அக்காட்சி ஹுஸைனின் மார்பில் வேலாகப் பாய்ந்தது. சக்கரத்தின் நிலையைத் தீர்மானிப்பது ஒப்செட் எனும் மந்திர எண். எண் கூடினால் சக்கரம் உள்ளே பதுங்கும், குறைந்தால் வெளியே பிதுங்கும். பொறுமை எனும் கவசம் அணியாத நம் வீரன் இருபது ஒப்செட்டில் அகன்ற ரிம்மும் அதனினும் அகன்ற டயரும் பூட்டி வந்தான். வீட்டுச் சந்தியின் முதற் பள்ளத்திலேயே டயர் மட்காட்டைக் கர்ர்ரென்று கடித்து, உறங்கிய குழந்தைகளை எழுப்பி, பள்ளிவாசலுக்குப் போனவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

அப்போது எழுந்தாள் கைரியா, அவனுடைய இல்லத்தரசி, அவள் புருவம் உயர்ந்தால் அடுப்பும் அணைந்துபோகும். அவள் ஆணை பிறந்தது:

“இன்னொரு தரம் அந்தச் சத்தம் கேட்டா, இந்தக் காரை வித்துப்போட்டு வேன் ஒண்டு எடுக்கிற. சொல்லிட்டன்.”

வேன்! வெண்ணிற உடலும் இழுத்துச் சாத்தும் கதவும் உடைய, மனிதரையும் வெங்காய மூட்டையையும் ஒன்றாக மதிக்கும் வேன்! ஹுஸைனுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. இனி ஒரே ஒரு முயற்சிதான். அது தவறினால் கார் போய்விடும்.

ஆகவே அவன் கட்டுகஸ்தோட்டைக்கு விரைந்தான். அங்கே, புசல்லாவைத் தேயிலை மலையில் பிறந்து டயர்க்கடை அமைத்துப் புகழ் நட்ட சதீஸ்குமார் எனும் சக்கரவித்தகன் வீற்றிருந்தான். கார் பைத்தியத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர். போர்மன்றம் கூடியது. நூல் பிடித்தார்கள், அடிமட்டம் வைத்தார்கள், பிளேன்டீ ஆறிப் பச்சைத்தண்ணீராகும் வரை நாற்பதா முப்பத்தைந்தா முப்பதா என்று வாதிட்டார்கள். முடிவில் சதீஸ்குமார், ஹுஸைனை அண்ணன் முறை வைத்து அழைத்து, முழங்கினான்:

“முப்பதுன்னா கச்சிதமா நிக்கும் நானா. டயரையும் கொஞ்சம் ஒடுக்கமாப் போடுவோம். அடிச்சுச் சொல்றேன், உரசாது.”

பூட்டினார்கள். ஆகா! சக்கரமும் மட்காட்டும் ஒரே கோட்டில் நின்ற அந்த அழகை எவர் உரைப்பார்! இடைவெளியில் ஹுஸைன் விரலை விட்டான், போயிற்று. சதீஸ்குமாரும் விட்டான், அதுவும் போயிற்று. ஹுஸைன் தன்னந்தனியே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து, கண்ட பள்ளமெல்லாம் இறக்கி ஏற்றி, ஒரு முணுமுணுப்பும் இன்றி மீண்டான். விரலை விட்டுப் பார்த்த இருவருக்கும் ஆட்களை ஏற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. ஜப்பான்காரன் அந்தப் பின்சீட்டைப் பேருக்குத்தான் வைத்திருந்தான். மடவளையிலோ எந்தக் காரின் பின்சீட்டும் பேருக்கு இருப்பதில்லை, அதுவும் பெருநாளன்று.

பெருநாளும் வந்தது. கம்பளையில் வாழும் கைரியாவின் தங்கை வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். முன்னே ஹுஸைனும் கைரியாவும் அமர, பின்னே வலப்பக்கம் கைரியாவைப் பெற்ற மாமி பஸ்லினா கொலுவிருக்க, அவர் அருகே முழு ஆட்டையும் விழுங்கிய பிரியாணிச் சட்டி, துணி போர்த்திய பட்டத்து யானையாக வீற்றிருந்தது. கண்டியைக் கடந்தார்கள், சத்தம் இல்லை. பேராதனையைக் கடந்தார்கள், சத்தம் இல்லை. ஹுஸைன் மெல்லச் சிரிக்கவும் தொடங்கினான்.

கெலிஓயாவுக்குச் சற்று முன்னே, மழையில் பெயர்ந்த பாதையில், பாதாளம் வாய் பிளந்ததென ஒரு பள்ளம். வலப் பின்சக்கரம் அதில் இறங்கியது. கர்ர்ர்ர்ர்!

“வேன்,” என்றாள் கைரியா.

ஹுஸைன் காரை ஓரம் கட்டினான். சுமைதான் காரணம், சக்கரம் குற்றமற்றது என்று நடுவீதியில் நின்று வழக்காடினான். அவன் குரல் கேட்டு, எதிர்க்கடையில் வெற்றிலை வாங்கியவர்கள் வெற்றிலையை மறந்தார்கள். சுமைதான் என்றால் அதில் ஒன்று குறைய வேண்டும். எதைக் குறைப்பது? சட்டியை இறக்கினால் கம்பளையில் பெருநாள் இல்லை. மாமியை இறங்கச் சொல்லும் துணிவு எந்தக் காவிய வீரனுக்கும் அருளப்பட்டதில்லை. பின்சீட்டிலிருந்து மாமியே தீர்ப்பு வழங்கினார்:

“நீங்க எறங்குங்க மகன். இந்தப் பக்கம் நீங்கதான் பாரம். புள்ள ஓட்டட்டும்.”

ஹுஸைன் இறங்கினான். கைரியா வலப்பக்கம் மாறி அமர்ந்து, காரைத் திருப்பி, அதே பள்ளத்தில் இறக்கினாள். சத்தம் இல்லை. மறுபடியும் திருப்பி வேகமாக இறக்கினாள். சத்தம் இல்லை. மூன்றாம் முறை இறக்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் இறக்கினாள். அந்த உறுமலில் அவள் முகம் மலர்ந்ததை ஹுஸைன் கண்டான். கார் தப்பிவிட்டது என்று அவன் உள்ளம் துள்ளியது. என்னவோ கைவிட்டுப் போகிறது என்று அதே உள்ளம் கலங்கியது. கண்ணாடி இறங்க, இறுதிப் பிரகடனம் எழுந்தது:

“வேன் வேணாம். காரே ஈக்கட்டும். இனி நானே ஓட்டுறன். நீங்க ஏறினாத் திரும்ப உரசும், பின்னால வாங்க.”

விண்ணதிர, மண்ணதிர, வெற்றிலைக்கடைத் தட்டிகள் நடுநடுங்க, விளிம்போடு விளிம்பாகச் சுழன்ற அந்நான்கு சக்கரங்களும் ஒரு சிறு உரசலும் இன்றிக் கம்பளைத் திசையில் மறைந்தன.

ஹுஸைன் அடுத்த பஸ்ஸில் ஏறி, சீட் இல்லாததால் நின்றுகொண்டே போனான்.