மருமகன் தூங்க ஒரு படகு

இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கி மூன்று நாளாகியும் மருமகன் பொட்டுக்கூடத் தூங்கவில்லை என்பது, காலையில் வாஷ்பேசின் பக்கத்தில் வைத்துத்தான் ராபர்ட்டுக்குத் தெரிந்தது. ஜோவின் கண் இரண்டும் வற்றல் மிளகாய் மாதிரி சிவந்திருந்தன. டூத்பேஸ்ட் என்று நினைத்து மாமனாரின் சேவிங் கிரீமைப் பிதுக்கிக்கொண்டிருந்தான்.

அங்கே ராத்திரியாக இருக்கும்போது இங்கே விடிந்துவிடுகிறது, அதனால் உடம்பு குழம்பியிருக்கிறது, நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று வின்சி அப்பாவிடம் சொன்னாள். ராபர்ட் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நேரம் மாறினால் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் போயிற்று. மேலும், தானாகச் சரியாகும் எதன்மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டை ஒட்டியே வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். ஸ்பேனருக்கு அடங்காத நோயை அவர் நோயாகவே மதிப்பதில்லை.

அவருக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. மகளும் மருமகனும் அங்கே குடியிருப்பது படகில். வாய்க்காலில் மிதக்கிற, ரயில் பெட்டியைப் பாதியாக நெடுக்கப் பிளந்த மாதிரி ஒடுக்கமான நீளப் படகு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. கல்யாணமான புதிதில் வின்சி அனுப்பிய அந்தப் படகின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, கல்யாணப் படத்துக்கு ஒரு சாண் மேலே மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடுகிறவர்களைப் பிடித்து, ஆலங்குளத்துச் சிமெண்டு ஆலைத் தூசியில் வளர்ந்த பையன் இன்றைக்குத் தண்ணீரிலேயே குடும்பம் நடத்துகிற கதையைச் சொல்வார். இரண்டு செருப்பும் கிடைத்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

"வருசக்கணக்கா தொட்டில்ல ஆடுன பிள்ளையத் தரையில கெடத்துனா தூங்குமாட்டி?" என்று மனைவி ஞானரத்தினத்திடம் கேட்டார்.

பிள்ளைக்குக் குழம்புச்சோறு போட்டுச் சும்மா விட்டாலே தூங்கிவிடும் என்றாள் அவள். ஜோவும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "மாமா, அந்தப் படகு வந்து..."

வின்சிக்கு இருமல் வந்தது. ஜோ இட்லியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பாவம், மரியாதைப்பட்ட பிள்ளை, மாமனாருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுகிறது என்று ராபர்ட் உருகிப்போனார். மாமனார் வீட்டில் தூக்கம் வராத மருமகன் அடுத்த தடவை வரமாட்டான். மருமகன் வராவிட்டால் மகளையும் போனில்தான் பார்க்கவேண்டும். அந்தப் பயம் அவர் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

அன்று சாயந்திரமே லாரி டியூப்களுக்குக் காற்றடித்துக் கட்டில் கால்களுக்கு அடியில் வைத்தார். கட்டில் நன்றாகத்தான் ஆடியது. ஜோ புரண்டு படுத்ததும் அது மொசைக் தரையில் கிளம்பி, பீரோவில் முட்டித்தான் நின்றது. மறுநாள் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஆட்டம் மட்டும் போதாது, தண்ணீர்ச் சத்தமும் வேண்டும் என்று ராபர்ட் முடிவுகட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரம்மை வைத்து, மாடித் தொட்டியின் குழாயை அதில் சளசளவென்று திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் ராபர்ட் சுகமாகத் தூங்கினார். ஜோ ராத்திரி முழுக்கக் கக்கூஸுக்கு நடந்துகொண்டிருந்தான். விடிந்தபோது தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஞானரத்தினம் குடிதண்ணீர் கேனைச் சாய்த்து எல்லோருக்கும் முகம் கழுவ ஆளுக்கு ஒரு டம்ளர் அளந்து கொடுத்தாள். கணவருக்கு அரை டம்ளர்.

இனி ஒன்றுதான் வழி என்று ராபர்ட் பட்டறைக்குள் போனார்.

எண்ணெய் டிரம்களை வரிசையாக அடுக்கி, மேலே இரும்புச் சட்டம் அடித்து, தகரத்தால் கூரையும் சுவரும் வைத்து ஒரு படகு எழும்பியது. மருமகன் சீக்கிரம் தூங்கவேண்டுமே என்று ராப்பகலாக வேலை நடந்தது. பட்டறைக்கும் ஜோவின் அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். கிரைண்டர் கிறீச்சிட, சம்மட்டி விழ, ஜோவின் கண் இன்னும் சிவந்தது. அதைப் பார்த்துப் பதறிய ராபர்ட், வேலையை இன்னும் வேகமாக முடுக்கினார்.

முடிந்ததும் ஞானரத்தினம் வந்து பார்த்தாள். தெருவளவுக்கு நீளம். அகலம், ஒருக்களித்துப் படுத்தால் ஓர் ஆள்.

"இம்புட்டு ஒடுக்கமா வைக்கச் சொல்லி யாரு அளவு குடுத்தா?"

"பட்டறைக் கேட்டு."

கேட்டைத் தாண்டி வெளியே வரவேண்டுமே. கூரைமேல் குரோட்டன்ஸ் தொட்டிகள். பக்கவாட்டில் பச்சைப் பெயிண்டில் 'ஞானரத்தினம்' என்று பெரிதாக எழுத்து. முங்கிப்போகிற சாமானுக்கு என் பேரை வைக்காதிய என்று அவள் சொன்னதை, ராபர்ட் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்.

மழை நன்றாகப் பெய்திருந்ததால், செட்டியார்பட்டிக்குப் போகிற வழியில் இருந்த கண்மாய் கரை முட்ட நிறைந்து கிடந்தது. படகை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். மீன் குத்தகைக்காரரிடம் ராபர்ட் முன்னதாகவே கேட்டுவைத்திருந்தார். வலைப் பக்கம் மட்டும் போய்விடவேண்டாம் என்று காவலுக்கு இருந்த வீரணன் கைகாட்டிவிட்டான். ஞானரத்தினத்தின் தம்பி கிளாட்வின் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். நல்ல கனத்த உடம்பு. நாற்காலிகளோடும் ஒரு குண்டான் பிரியாணியோடும் அவன் வந்து சேர்ந்தான்.

எல்லோரும் டவுன் பஸ் வரிசை மாதிரி ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக உட்கார்ந்தார்கள். கிளாட்வின் வலப்பக்கம் சாய்ந்தால் மற்ற நாலு பேரும் இடப்பக்கம் சாயவேண்டும். அவன் தும்மப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும் என்று ஏற்பாடு.

"மாப்ள, நீங்கதான் கேப்டன்" என்று ராபர்ட் சுக்கானை ஜோ கையில் கொடுத்தார். பிறத்தியார் கைக்குழந்தையை வாங்குவதுபோல ஜோ அதை வாங்கினான். அவன் முகம் வெளிறி, பிறகு லேசாகப் பச்சையாகியது. பழகிய தண்ணீரைப் பார்த்த நெகிழ்ச்சி என்று ராபர்ட் மனைவியின் காதில் சொன்னார்.

மில்லில் கழித்துப்போட்ட காற்றாடி இறக்கையை ஆயில் இன்ஜினில் மாட்டியிருந்தார். அது புகையைக் கக்கியபடி படகைத் தள்ளியது. ஜோ எந்தப் பக்கம் திருப்பினாலும் படகு தனக்குப் பிடித்த பக்கம்தான் போனது. தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்கள் அதற்குப் பிடித்துப்போயின. இரண்டு மரங்களுக்கு நடுவில் அளவெடுத்தாற்போல் போய்ச் செருகிக்கொண்டது.

இப்படி மாட்டினால் அங்கே என்ன செய்வீர்கள் என்று ராபர்ட் ஆவலாகக் கேட்டார்.

"அங்க தண்ணிக்குள்ள மரம் கெடையாது மாமா."

ராபர்ட் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டினார். படகு அசையவில்லை. இறக்கை மட்டும் எங்கிருந்தோ வலையை இழுத்துச் சுருட்டிக்கொண்டு இரண்டு தரம் விக்கி நின்றுபோனது. வலைக்குள்ளிருந்து ஒரு கெண்டை ராபர்ட்டைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

பாரம் குறைந்தால் படகு மிதந்து வெளியே வந்துவிடும் என்று அவர் கணக்குப்போட்டார். இருப்பதில் பெரிய பாரம் எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"ஏலே கிளாட்வின், செத்த நேரம் அந்தக் கொப்புல ஏறி உக்காரு."

"முள்ளு அத்தான்."

"பாத்து உக்காரு."

கிளாட்வின் முனகிக்கொண்டே ஏறினான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவன் கால் எடுத்ததும் படகு சட்டென்று எழும்பி, மரங்களிடமிருந்து விடுபட்டு, காற்றோடு போய்க்கொண்டே இருந்தது. கிளாட்வின் மரத்திலேயே இருந்தான். அந்த மரத்தில் குடியிருந்த கொக்குகள் சுற்றிச் சுற்றி வந்து அவனை ஏசின.

ராபர்ட் கயிற்றை வீசினார். கையில் பிடித்து இழு என்று அவர் கத்தியது காற்றில் போய்விட்டது. கிளாட்வின் அதைக் கொப்பில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினான். இந்தப் பக்கம் ராபர்ட்டும் கயிற்றின் மறுமுனையைப் படகின் சட்டத்தில் இறுக்கியிருந்தார். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கயிறு விறைத்தது. கருவேல மரம் விட்டுக்கொடுக்கவில்லை. ராபர்ட்டின் வெல்டிங் விட்டுக்கொடுத்தது. டிரம் ஒன்று கழன்று, வந்த வேலை முடிந்தது என்பதுபோல் தனியாகக் கரையைப் பார்த்துக் கிளம்பியது.

படகு ஒரு பக்கம் சரிந்தது. எல்லோரும் மறுபக்கம் சாய, அந்தப் பக்கம் சரிந்தது. பிரியாணிக் குண்டான் நிதானமாக வழுக்கி, மூடியோடு தண்ணீருக்குள் இறங்கியது. பிறகு படகும் அவசரப்படாமல் சேற்றில் புதைந்து உட்கார்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர். மேலே தெரிந்தவை குரோட்டன்ஸும், 'ஞான' என்ற இரண்டு எழுத்தும்தான். தன் பெயரில் மீதியிருந்ததைப் பார்த்தபடி ஞானரத்தினம் இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். ராபர்ட்டுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வீரணன் தண்ணீரில் நடந்தே வந்து ஒவ்வொருவராகக் கைகொடுத்துக் கரையேற்றினான். கிழிந்த வலையைத் தூக்கிப் பார்த்து, "அண்ணாச்சி, நான் கைகாட்டுனது போகவேண்டாம்னு. போகச் சொல்லி இல்ல" என்றான். கிளாட்வினை இறக்கத்தான் நேரம் பிடித்தது. முள் தைக்காத இடம் பார்த்துப் பிடிக்கவேண்டியிருந்தது.

ராபர்ட் தலையில் கைவைத்துக் கரையில் உட்கார்ந்தார். ஊர் உலகத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. மருமகனை ஒருநாளாவது தூங்கவைக்க முடியவில்லையே என்பதுதான் கவலை. அப்போது பக்கத்தில் கர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

கரையின் வெறும் மண்ணில், ஈரச் சட்டையோடு, சேறு காய்ந்த முகத்தோடு, வாயைப் பிளந்து ஜோ தூங்கிக்கொண்டிருந்தான்.

ராபர்ட் மெல்ல எழுந்தார். விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் அடக்கினார். ஒரு பொழுது தண்ணீரில் ஆடியதற்கே இந்தத் தூக்கம் என்றால், நாள் முழுக்க ஆடினால் எப்படியிருக்கும் என்று கிசுகிசுத்தார். வின்சியின் கண் கலங்கியிருந்தது. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்து அவருக்கும் கண் கலங்கியது.

"பட்டறைக் கேட்ட இடிச்சிருவோம்" என்றார். "நல்லா அகலமா ஒண்ணு அடிக்கேன். லீவு முடியுற மட்டும் மாப்ள தண்ணிலயே கெடக்கட்டும்."

குறட்டை நின்றது. ஜோ எழுந்து உட்கார்ந்தான். வின்சியைப் பார்த்தான். அவள் இந்தத் தடவை இருமவில்லை. சேற்றுக் கையால் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, தண்ணில கெடந்தா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குதுன்னுதான், போன வருசமே அந்தப் படக வித்துட்டு மாடி வீட்டுக்குக் குடிபோனோம்."