மச்சினனுக்குப் போகாத மெயில்

இந்த வருசம் மச்சினனை மலையேற விடுவதில்லை என்று ஆறுச்சாமி முடிவெடுத்தபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தது. அதனால் முடிவை உரக்க அறிவிக்க முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் அறிவித்திருக்க மாட்டார். மச்சினன் என்பவன் மனைவி வேலாமணியின் கூடப் பிறந்த தம்பி. வேலாமணி அடுப்படியில்தான் இருந்தாள்.

குன்னூரில் வீடு இருப்பவனுக்கு மே என்பது மாதமல்ல, படையெடுப்பு. கீழே வெயில் ஏற ஏற மேலே சொந்தம் பெருகும். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மச்சினன் கருணாகரன் பழக் கண்காட்சி பார்க்கத்தான் வருவான். கண்காட்சி முடிந்து, வைத்த பழமெல்லாம் அழுகி, குப்பை லாரியும் வந்து போன பிறகும் இருப்பான். அவன் பெண்டாட்டி, அவளைப் பெற்றவர்கள், அவர்களைப் பெற்ற குற்றத்துக்காக இன்னும் சில பெரியவர்கள் என்று வேன் நிறைய ஆள். முதல் ஆள் குளித்து முடித்து மறுபடியும் அழுக்காகும் நேரத்தில்தான் கடைசி ஆளுக்கு வெந்நீர் கிடைக்கும். வீட்டுக்காரரான ஆறுச்சாமி அந்த மாதம் முழுக்க காஸ் சிலிண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் படுப்பார். தூக்கத்தில் சிலிண்டரைக் கட்டிப்பிடித்திருக்கிறார். அது ஜில்லென்று இருந்ததால் விழித்துக்கொண்டார்.

அதுவும் இப்போது தேயிலைக்கு விலையே இல்லாமல் போன காலம். தோட்டக்காரர்கள் செடியிலிருந்து இலையைப் பறிப்பதா, மண்ணிலிருந்து செடியைப் பறிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். கட்டபெட்டு ரோட்டில் ஆறுச்சாமி கணக்கராக இருந்த தேயிலை ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது. சம்பளமும் பாதிதான் நடந்து வந்தது. முதலாளி கரண்டு மிச்சம் பிடிக்க ஆபீஸைப் பூட்டிவிட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றி ஆறுச்சாமி வீட்டுக்கே அனுப்பிவிட்டார். வெளிநாட்டுக்காரர் யாராவது தப்பித்தவறித் தேயிலை கேட்டு மெயில் போட்டால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் உத்தரவு.

தேயிலை கேட்டு யாரும் போடவில்லை. கருணாகரன்தான் போட்டான். அவனும் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். அன்றிலிருந்து போனில் பேசுவதைக் கேவலமாக நினைத்தான். போன் செய்து, "மெயில் போட்டிருக்கேன் மாமா, பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிடுவான். இந்த முறை மெயிலில், போன வருச ஆட்களோடு தன் மனைவிக்கு வீணை சொல்லித்தரும் வாத்தியாரும் வருகிறார் என்றும், வீணைக்குக் குளிர் ஆகாது என்பதால் அதற்குத் தனிக் கட்டில் வேண்டும் என்றும், சம்மதத்தை உடனே மெயிலில் உறுதி செய்யவும் என்றும் இருந்தது.

உறுதி செய்யாவிட்டால்? கொடைக்கானலுக்குப் போவான். மெயிலே ஓடாவிட்டால் எப்படி உறுதி செய்வது? இந்த இடத்தில்தான் ஆறுச்சாமி நுரையைத் துப்பினார்.

"புள்ள, கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் போடப் போறேன்."

"இருக்கறது நல்லாத்தானுங்களே ஓடுது?"

"பழசாப் போச்சு. ஊரே புதுசுக்கு மாறிட்டுது."

"பழசாப் போனா மாத்திரலாமுங்களா?" என்று கேட்டு வேலாமணி அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். ஆறுச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

பெட்ஃபோர்டு பஜார் கடையில் வாங்கிவந்த சிடியை உள்ளே தள்ளினார். கம்ப்யூட்டர் கேள்விமேல் கேள்வி கேட்டது. கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டியது போல ஒவ்வொன்றுக்கும் சரி என்றே அமுக்கினார். இரண்டிலுமே எதற்குச் சரி சொன்னோம் என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் திரையில் பச்சைக் குன்றும் நீல வானமும் வந்தன. ஜன்னலுக்கு வெளியே பனிமஞ்சு மூடி, குன்றும் இல்லை வானமும் இல்லை.

மெயில் கெட்டுப்போனதாக நடிப்பதுதான் திட்டம். நடிக்கிற சிரமத்தைக் கம்ப்யூட்டர் அவருக்கு வைக்கவில்லை. பிரின்டர் தானாக எழுந்து ஒரு தாளுக்கு ஓர் எழுத்து வீதம் அடித்துத் தள்ளியது. எதைத் தொட்டாலும் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். போன் லைனில் பேசி மெயிலைக் கொண்டுவரும் மோடம் செத்தே போனது. அதை இயக்கும் 'டிரைவர்' புரோகிராம் கிடைக்கவில்லை என்று திரையில் எழுதி வந்தது.

"ஏனுங்க, தம்பி போன் பண்ணுனான். மெயில் பாத்தீங்களான்னு கேக்கறான்."

"எங்க பாக்கறது? மோடத்துக்கு டிரைவர் இல்லையாம்."

"டிரைவர் இல்லீங்களா?"

"இல்ல."

"டிரைவர் வந்தாச் சரியாயிருங்களா?"

"சரியாயிரும். வரோணுமே" என்று பெருமூச்சு விட்டார். பெருமூச்சு நன்றாக வந்ததில் அவருக்கே திருப்தி.

அன்று மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தவர் மச்சினனுக்கு ஒரு பதில் அடித்துப் பார்த்தார். அனுப்பு என்று அமுக்கினார். மெயில் போகவில்லை. அவுட்பாக்ஸ் என்ற பெட்டியில் போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது. ஆறுச்சாமிக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த உலகத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யார் காதிலும் விழாது என்று ஓர் இடம் அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து கிடைத்ததில்லை.

அவர் ஆபீஸ் நடையிலேயே எழுதினார். "பார்வையில் கண்ட தங்கள் மெயில் தொடர்பாக, இவ்வீடு சத்திரம் அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." மறுநாள் இன்னொன்று. "தங்கள் மாமனாரின் குறட்டை தொடர்பாக அண்டை வீட்டார் அளித்த புகார் நிலுவையில் உள்ளது." அதற்கடுத்து மூன்றாவது. "வீணைக்குக் கட்டில் கேட்கும் தாங்கள், வீட்டுக்காரனுக்குப் பாயாவது கேட்டதுண்டா என்பதற்கு விளக்கம் கோரப்படுகிறது." ஒவ்வொன்றின் அடியிலும் அன்புடன் என்று போட்டார். பண்பாடு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகிக் கம்பளிக்குள் புகுந்து தூங்குவார். ஒரு நாள் தூக்கத்துக்கிடையே டக் டக் என்று சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"கம்ப்யூட்டர்ல தூசி தட்டறனுங்க. நீங்க தூங்குங்க."

நல்ல பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டே புரண்டு படுத்தார்.

வியாழக்கிழமை வாசலில் ஜீப் நின்றது. ஃபேக்டரி ஜீப் ஓட்டும் வேலன் இறங்கி வந்து செருப்பைக் கழற்றினான்.

"என்ன வேலா, இந்தப் பக்கம்?"

"அக்கா சொல்லியுட்டாங்களாமுங்க. டிரைவர் இல்லாம வேலை நின்னு கெடக்குதுன்னு. எங்கீங்க போகோணும்?"

ஆறுச்சாமி அவனுக்கு விளக்கினார். இந்த டிரைவர் வேறு, அந்த டிரைவர் வேறு, அந்த டிரைவர் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருப்பவர் என்றார். வேலன் கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பின்பக்கம் குனிந்து பார்த்தான். "இதுக்குள்ளயேவுங்களா? லீவெல்லாம் குடுப்பாங்களா?" என்றான். பிறகு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு நேராக ஃபேக்டரிக்குப் போனான். கணக்கர் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, ஆளும் கொஞ்சம் ஒரு மாதிரி பேசுகிறார் என்று முதலாளியிடம் சொன்னான்.

முதலாளி போனில் வந்தார். எகிப்துக்காரர் ஒருவர் சாம்பிள் தேயிலை பிடித்திருக்கிறது, மெயில் போடுகிறேன் என்று சொல்லியிருந்தாராம். அதைத்தான் முதலாளி தினம் தினம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாராம். "இன்னிக்குள்ள அந்த மெயிலைப் பாத்துப் பதில் போடோணும் ஆறுச்சாமி. இல்லாட்டி ஃபேக்டரிக்கும் பூட்டுத்தான். சாவியை உங்ககிட்டயே குடுத்தர்றேன், ஞாபகார்த்தமா வெச்சுக்குங்க."

ஆறுச்சாமி போனை வைத்துவிட்டு வேலாமணியைப் பார்த்தார்.

"உன்னை யாரு வேலனைக் கூப்பிடச் சொன்னா?"

"எனக்கு என்னுங்க தெரியும்? டிரைவர் வரோணும்னீங்க. நமக்குத் தெரிஞ்ச டிரைவர் அவந்தானுங்களே."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு ஜெஸிந்தா டீச்சர் உள்ளே வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தருபவள். கையில் ஒரு சிடி. வேலாமணி கூப்பிட்டாளாம். ஜெஸிந்தா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிய பிறகுதான் ஆறுச்சாமிக்கு அவுட்பாக்ஸ் ஞாபகம் வந்தது. மோடம் உயிர்பெற்றால் உள்ளே இருக்கும் மூன்றும் கிளம்பிவிடும். முதுகில் வேர்த்தது. குன்னூரில் முதுகு வேர்ப்பது அபூர்வம்.

"டீச்சர், நீங்க மொதல்ல காபி சாப்பிடுங்க. ஒரு நிமிசம் நான் உக்காந்து பாத்தர்றேன்."

"பரவாயில்ல சார். ஆரம்பிச்சாச்சு."

"இல்ல, உள்ள ரெண்டு மூணு பழைய ரிப்போர்ட் கெடக்குது. அழிச்சுட்டு..."

"பாவம், எதுக்கு சார் அழிக்கணும்? அதெல்லாம் பத்திரமா இருக்கும். நான் பொறுப்பு."

ஆறுச்சாமி இருமிக்கொண்டே வராந்தாவுக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். வீடு இருண்டது. கம்ப்யூட்டர் மட்டும் குருவி மாதிரி கீச் கீச் என்று கத்திக்கொண்டு வெளிச்சமாகவே இருந்தது.

"பயப்படாதீங்க சார், யூபிஎஸ் இருக்கு" என்றாள் ஜெஸிந்தா. "வந்துருச்சு பாருங்க, மோடம்."

மோடம் டயல் செய்ய ஆரம்பித்தது. ஒரே லைன். போன் ரிசீவரை எடுத்துவிட்டால் தொடர்பு அறுந்துவிடும் என்பது ஆறுச்சாமிக்குத் தெரியும். பாய்ந்தார். போனுக்குப் பக்கத்தில் வேலாமணி உட்கார்ந்திருந்தாள். ரிசீவர்மேல் கை வைத்தபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் பூண்டு உரிக்க முடியும் என்பதை அவர் அன்றுதான் பார்த்தார்.

"யாருக்குங்க பேசோணும்?"

"யாருக்கும் இல்ல. மணி கேக்கலாம்னு."

"நாலுங்க."

மோடம் பன்றி கத்துவது போலக் கத்தி ஓய்ந்தது. திரையில் ஒரு நீலக் கோடு நகர்ந்தது. ஒன்று போய்விட்டது. இரண்டு போய்விட்டது. மூன்றும் போய்விட்டது. அதன்பின் எகிப்துக்காரரின் மெயில் வந்து விழுந்தது. தேயிலை வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று எழுதியிருந்தார். ஃபேக்டரி பிழைத்தது. ஆறுச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சந்தோசத்துல அவருக்குப் பேச்சே வரலீங்க டீச்சர்" என்றாள் வேலாமணி.

மறுநாள் காலை கருணாகரன் போன் செய்தான். மெயில் அல்ல, போன். அதிலேயே விவகாரத்தின் கனம் தெரிந்தது. வேலாமணி எடுத்தாள். ஆறுச்சாமி கம்பளிக்குள் காதை மட்டும் வெளியே வைத்துப் படுத்திருந்தார்.

"அப்பிடியா எழுதியிருக்காரு? ... சத்திரம்னா? ... மாமனார் குறட்டையவா? ... ஐயோ சாமி, நான் எந்த மூஞ்சியோட சாமி உங்கிட்டப் பேசுவேன் ... வீணையையும் விடலையா ... என்னது, என்ற பச்சைப் பட்டுச்சேலையா? மூணு வருசமா உம்பொண்டாட்டி திருப்பித் தரலைன்னா எழுதியிருக்காரு? ... இப்பிடிக் கூடவா ஒரு மனுசன் ... நீங்க யாரும் வர வேண்டாஞ்சாமி. எனக்கே மனசு கேக்கல. நானே பொறப்பட்டு வாரேன்."

சேலையா? ஆறுச்சாமி கம்பளிக்குள் எழுந்து உட்கார்ந்தார். மூன்று மெயிலையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். சத்திரம் இருந்தது, குறட்டை இருந்தது, பாய் இருந்தது. எந்த மூலையிலும் சேலை இல்லை. புது சிஸ்டம் தானாக எதையாவது சேர்த்து அனுப்புமோ என்று சந்தேகப்பட்டார். பிரின்டரைத் தானாக ஓடவிட்ட சிஸ்டம், எதுவும் செய்யும்.

வேலாமணி அன்றைக்கே பெட்டி கட்டினாள். பெட்டி கட்டும்போது முகத்தில் அழுகை இருந்தது. கையில் அவசரம் இருந்தது. தம்பி வீட்டில் மனசு ஆறும்வரைக்கும் இருந்துவிட்டு வருவாளாம். மே முழுக்க ஆறலாம், ஜூனிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்றாள். எகிப்து ஆர்டர் வந்ததில் ஃபேக்டரி வாரம் முழுக்க ஓடப்போகிறது, காலை ஏழுக்கெல்லாம் கிளம்ப வேண்டும், சோற்றுக்கு என்ன செய்வது என்று ஆறுச்சாமி கேட்டார். அரிசி மூட்டை எங்கிருக்கிறது என்று தெரியுமல்லவா, பக்கத்தில்தானே படுப்பீர்கள் என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் வண்டி புறப்படத் தயாராக இருந்தது. ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்து, சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்ட வேலாமணியின் முகத்தில் அழுகையைக் காணோம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி இருந்தாள். ஆறுச்சாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கோவமா புள்ள?"

"எதுக்குங்க கோவம்? வருசாவருசம் அத்தனை பேத்துக்கும் தோசை சுட்டது நீங்களா, நானா? கூடப் பொறந்தவன வராதேன்னு அக்காக்காரி வாயால சொல்ல முடியுங்களா? நீங்க சொன்னீங்க. நல்லா இருப்பீங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் அசைந்தது. ஆறுச்சாமி கூடவே நாலு எட்டு நடந்தார்.

"அதெல்லாஞ் சரி. அந்தச் சேலையப் பத்தி நான் எழுதவே இல்லையே புள்ள."

"நீங்க எழுதலீங்க" என்றாள் வேலாமணி. "உங்க மெயில்ல அது ஒண்ணுதான் கொறையா இருந்துச்சு, அதான் சேத்துட்டேன். கெரகம், 'அன்புடன்'கற எடத்துல என்ற பேரப் போட்டுட்டேன், நல்லவேளை அழிச்சுட்டேனுங்க."