மைக் போன கூட்டம்

“மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க ஒருத்தர்கூட இங்க இருக்கக் கூடாது!” என்று தலைவர் முழங்கியதும், மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மைக்செட்காரர் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார்.

அவர் மனைவி மலைக்கு அந்தப் பக்கத்தில் பிறந்தவள். இருபது வருடமாக இந்தத் தெருவில் துணி தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேர்தல். கட்சி ஜெயித்தால் அவளைப் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். போன வருடம் நாற்பது நாற்காலியை நிரப்பத் திணறிய கட்சி, இன்று மைதானம் கொள்ளாமல் நிற்கிறது. வேலைக்கு வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் வந்தார். வந்த இடத்தில் நம்மால் ஆனதைச் செய்வோம் என்று நினைத்தார், பாவம்.

சத்தம் குறைந்ததும் பின்வரிசைக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நெருங்கினார்கள். ரோட்டில் போனவர்கள், “என்னப்பா இவ்வளவு நெரிசல்?” என்று வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தார்கள்.

“அடக் கடவுளே!” என்று தலையில் அடித்துக்கொண்டவர், ஒலிபெருக்கியைக் கீச்சென்று அலறவிட்டார்.

தலைவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பாத்தீங்களா, நான் உண்மையைச் சொன்னா மெஷினுக்கே பொறுக்கல!”

விசில் பறந்தது.

மைக்செட்காரருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்து ஒயரை அறுத்தே விட்டார்.

தலைவர் மைக்கை வீசி எறிந்துவிட்டுக் கைகளை விரித்தார். “என் குரல்வளையை நெரிக்கிறாங்க! உங்க குரலை நெரிக்க முடியுமா?”

“முடியாது!” என்று முன்வரிசை கத்தியது. பின்வரிசை, என்ன ஏது என்று தெரியாமலே கத்தியது. மாடி ஜன்னல்கள் திறந்தன. அங்கிருந்தும் கத்தினார்கள்.

போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன். வீடு வரைக்கும் கேக்குது.”

“மைக் ஓடவே இல்லம்மா.”



“அப்போ இவ்வளவும் ஆளுங்க சத்தமா?”

அந்தக் கத்தலில் தெரிந்த குரல்கள் இருந்தன. அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கத்துகிறவர்களும் இருந்தார்கள்.

“கதவைச் சாத்திட்டு உள்ளேயே இரு. இதோ வந்துடறேன்.”

மைக் வந்தாலாவது கூச்சல் அடங்காதா என்று பதறிப்போய் ஒயரைத் திரும்ப முறுக்கிவிட்டார். மைக் உயிர் பெற்றது.

“உங்க சத்தத்துக்குப் பயந்து மைக்கே திரும்பி வந்துடுச்சு!” என்றார் தலைவர்.

அவ்வளவுதான். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் கிளம்பிவிட்டார்கள்.

மைக்செட்காரர் குறடும் கையுமாக நின்றார். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, கட்சியின் கிளைச் செயலாளர் நேராக அவரிடம் வந்தார்.

“ஒயரை அறுத்தது நீங்கதானே?”

“இல்லீங்க... அது வந்து... எலி...”

செயலாளர் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டார். “அட சும்மா சொல்லுங்கண்ணே! ஒவ்வொரு கூட்டத்துலயும் இதுக்குன்னே ஒரு ஆளை நாங்களே அனுப்புவோம். இன்னிக்கு அவன் வந்து சேர்றதுக்குள்ள நீங்களே முடிச்சிட்டீங்க!”