தையலுக்கு விட்ட அரை அங்குலம்

"உனக்கு இதெல்லாம் வரவே வராதாம்மா?"

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓரகத்தி செய்த பிஸ்கட்டை மென்றபடி மாமியார் கேட்ட கேள்வி அது. பிஸ்கட்டை மாமியார் அன்றைக்கே விழுங்கிவிட்டார். கேள்வியைத்தான் மூத்த மருமகளான தையற்காரியால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

ஆண்டுக் கடைசி விடுமுறைக்குக் குடும்பம் மொத்தமும் மாமியார் வீட்டில் கூடும். இளைய மருமகள் ஒரு டப்பா நிறைய பிஸ்கட்டும், கையால் மடித்த காகித நட்சத்திரங்களும் கொண்டுவருவாள். "இவ கையில என்னமோ இருக்கு" என்று மாமியார் அந்த நட்சத்திரங்களை ஜன்னல் திரையில் குத்தித் தொங்கவிடுவார். அந்தத் திரை மூத்தவள் தைத்துக் கொடுத்தது. அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்ததில்லை.

"இந்த வருஷம் நானும் பிஸ்கட் செய்யப்போறேன்" என்றாள் தையற்காரி.

"எதுக்கு வம்பு? மாடி வீட்டம்மா குடுத்த மேசை விரிப்பை முதல்ல முடி. ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாங்க" என்றார் கணவர்.

"அது நேத்தே குடுத்தாச்சு."

நாலு மூலையிலும் துணி நட்சத்திரம் வைத்துத் தைத்த விரிப்பு. வழக்கம்போல உள்மடிப்பில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சும் போட்டிருந்தாள். யாரோ தைத்த கோணல் சட்டைக்கு ஒருமுறை இவள் திட்டு வாங்கினாள். அன்றிலிருந்து இவள் கைபட்ட எல்லாத் துணியிலும் அந்த முடிச்சு உண்டு.

மாவைப் பிசைந்து விரித்தாள். அச்சு இல்லை. அதனால் என்ன? அட்டையில் நட்சத்திரம் வெட்டி, மாவின் மேல் வைத்து, சுற்றிக் கத்தியால் கீறினாள். இருபது வருடப் பழக்கம் லேசில் விடுமா? ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் தையலுக்கென்று அரை அங்குலம் கூடுதலாக விட்டாள். துணி வீணாகாமல் வெட்டுகிற ஞாபகத்தில், தட்டில் ஒன்றோடு ஒன்று இடிக்கும்படி நெருக்கி அடுக்கினாள்.

ஓவனைத் திறந்தபோது நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. தட்டு முழுக்க ஒரே பிஸ்கட்.

"போர்வை மாதிரி இருக்கே" என்றார் கணவர்.

"நீங்க பேசாம இருங்க."

கத்தரித்துப் பார்த்தாள். தூளாயிற்று. தூளில் பால் ஊற்றிப் பிசைந்தாள். குழைந்து போயிற்று. இறுக மாவு சேர்த்து, உருண்டை பிடித்து, மறுபடி சுட்டாள். கணவர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கீழே போட்டார். உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் கீறல் விழுந்தது.

"அவளுக்கு மட்டும் எப்படி வருது? எனக்கு என்ன கை இல்லையா?" என்றாள். கண்ணில் நீர் நின்றது.

மறுநாள் காலை தெருமுனைக் கடைக்குப் போனாள். கண்ணாடி ஜாடியில் நட்சத்திர பிஸ்கட். ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னக் குழி, குழியில் ஒரு பொட்டு ஜாம்.

"வீட்டுல செஞ்சதும்மா. ஒருத்தங்க கொண்டுவந்து குடுக்குறாங்க. யாருன்னு சொல்லக் கூடாதாம்" என்றார் கடைக்காரர்.

"எனக்கெதுக்கு யாருன்னு? ஜாடியோட குடுங்க."

பழைய டப்பா ஒன்றில் பொன்னிறக் காகிதம் ஒட்டி, விளிம்பில் சரிகை சுற்றி, பிஸ்கட்டை அடுக்கினாள். டப்பாவாவது தன் கைவேலை என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னாள்.

விடுமுறைக்கு எல்லாரும் கூடியதும் மாமியார் ஒன்றை வாயில் போட்டார். புருவம் மேலே ஏறியது.

"அட! நீயா செஞ்ச?"

"ஆமா அத்தை. இந்தக் குழி இருக்கு பாருங்க, ஒவ்வொண்ணும் என் விரலால அழுத்தினது."

மாமியார் இரண்டாவதையும் எடுத்தார். மூன்று வருடமாகத் தொண்டையில் நின்ற கேள்வி மெல்ல இறங்கத் தொடங்கியது. இளையவளும் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தின்னாமல் வைத்துவிட்டாள்.

'எரியட்டும், நல்லா எரியட்டும்' என்று தையற்காரி உள்ளுக்குள் குளிர்ந்தாள்.

"நான் இந்தத் தடவை பிஸ்கட் கொண்டுவரல அத்தை" என்று இளையவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். "பெரியவ மாதிரி ஒரு தையலாவது போடத் தெரியுமான்னு போன வருஷம் கேட்டீங்கல்ல? கத்துக்கிட்டேன்."

மேசை விரிப்பு. நாலு மூலையிலும் நட்சத்திரம்.

"அடேங்கப்பா! மூத்தவகூட இப்படித் தைச்சதில்லையே!" என்றார் மாமியார்.

தையற்காரி பாய்ந்து மூலையைப் புரட்டினாள். சிவப்பு முடிச்சு அவளைப் பார்த்துச் சிரித்தது.

"அத்தை, இங்க பாருங்க! இது என் முடிச்சு, என் தையல்! மாடி வீட்டம்மாவை விட்டு என்கிட்டயே தைக்கக் குடுத்திருக்கா!" குரல் கூரையைத் தொட்டது. "அடுத்தவ வேலையைத் தன்னோடதுன்னு சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்! எனக்கெல்லாம் நாக்கே எழும்பாது!"

இளையவளின் முகம் சிவந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் மேசைக்கு அடியிலிருந்து அவளுடைய ஐந்து வயது மகள் வெளியே வந்தாள். கையில் ஒரு பிஸ்கட், ஜாம் மட்டும் சுத்தமாக நக்கப்பட்டிருந்தது. அதைத் தையற்காரியின் ஆள்காட்டி விரலோடு வைத்துப் பார்த்தாள். பிறகு தன் சுண்டுவிரலைக் குழியில் விட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

"பெரியம்மா, உங்க விரல் இதுல நுழையாதே. முந்தாநாள் அம்மா கடைக்குச் சுட்டப்ப நான்தானே எல்லாத்துலயும் குழி போட்டேன்!"

மாமியார் ஒரு மருமகளைப் பார்த்தார். மற்றவளைப் பார்த்தார். டப்பாவை ஒரு கக்கத்திலும் விரிப்பை மறு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.